சோதனைச்சாவடியில் வழியை அடைத்தால் போதுமா?

கேள்வி: கொரோனா ஊரடங்கில், நீலகிரிக்கு ஏறும் பர்லியார், குஞ்சப்பனை சோதனைச்சாவடிகளில் வழியை அடைத்ததும் கஞ்சா, போதை மாத்திரை எதுவும் மலையேறவில்லை. பையன்கள் திருந்தினார்கள். அந்தக் கெடுபிடி எப்போதும் இருந்தால் என்ன?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: திருந்தினார்கள் என்று யார் சொன்னது? தெரு வெறிச்சோடிக் கிடந்தது, அவ்வளவுதான்.

2020 மார்ச் கடைசி. எங்களுக்குத் தெரிந்த ஒரு லைன் வீட்டில், இருபது வயதுப் பையனுக்கு மூக்கொழுகல், வியர்வை, உடம்பு முறுக்கும் வலி, வயிற்றுப்போக்கு. இரண்டு கம்பளி போர்த்தியும் புல்லரிப்பு அடங்கவில்லை. கொரோனாவென்று பயந்துபோன அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்களே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அது கொரோனா இல்லை. போதைக்காகத் தினமும் போட்டு வந்த வலி மாத்திரை திடீரென்று கிடைக்காமல் போனதன் விளைவு. கீழே கோவைக்குக் கூட்டிப்போகலாம் என்றால் பஸ் இல்லை. நீங்கள் மெச்சுகிற அந்தத் தடை சரக்கை மட்டுமா மறித்தது?

இதைவிடப் பெரிய ஆபத்து வழி திறந்த பிறகுதான். இந்த வகை மாத்திரையையோ ஹெராயினையோ சில வாரம் நிறுத்தினாலே உடம்பு தாங்கும் அளவு இறங்கிவிடும். பழைய நினைப்பில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிப்போகும். தனியாக இருந்தால் தூக்கிச் செல்லவும் ஆள் இருக்காது. அமெரிக்காவில் 2021 ஏப்ரலோடு முடிந்த 12 மாதங்களில் மட்டும் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஃபென்டனில் என்ற வீரியம் மிகுந்த செயற்கைப் போதை மருந்தின் கலப்படம் அங்கே பெரிய காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊரடங்கிலிருந்து எதையாவது தக்கவைக்க வேண்டுமென்றால் நான் வேறொன்றைச் சொல்வேன். இந்தப் போதைக்குப் பதிலாகச் சிகிச்சையில் கொடுக்கும் மாற்று மருந்து புப்ரினார்ஃபின். அதைத் தினமும் சிகிச்சை மையத்துக்கு நேரில் வந்துதான் போட வேண்டும் என்பதே ஊரடங்குக்கு முன் நம் நாட்டில் பொதுவாக இருந்த நடைமுறை. அப்போது அதைத் தளர்த்தி, சில நாளுக்கான மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்குகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

கடத்துகிறவனைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழக்கத்தில் சிக்கியவன் விஷயம் வேறு. சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருந்து மாட்டினாலும், அவன் தானாகவே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவே இதைச் சொல்கிறது. போலீஸுக்குப் பயந்து பிள்ளையை அறையில் பூட்டி வைக்கும் பெற்றோர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தப் பையனை அவன் அம்மா செப்டம்பரில் பஸ் ஓடிய பிறகுதான் கோவைக்கு அழைத்துப் போனார். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருந்தால், 14446 என்ற இலவச உதவி எண்ணை அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.