ஜெர்சியும் சண்டையும்

கேள்வி: எங்கள் ஊர் ஹாக்கி கிளப்புக்குப் புது ஜெர்சி வரையச் சொன்னார்கள். எதைத் தொட்டாலும் மூத்த ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: வரட்டும். ஒருவரும் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கனடாவின் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கும் இதே தலைவலிதான். அது ஐஸ் ஹாக்கி, சரி. 2016-இல் ஜெர்சியின் நெஞ்சிலிருக்கும் மேப்பிள் இலைச் சின்னத்தைப் புதிதாக வரைந்தார்கள். நீலமும் வெள்ளையும் அப்படியே. அக்கா மகன் ஸ்கார்பரோவிலிருந்து அந்த ஜெர்சி ஒன்று கொண்டுவந்தான். சாப்பாட்டு மேசையில் விரித்து, பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். இலையின் முனைகள் 31. அவர்களுடைய பழைய அரங்கம் திறந்தது 1931-இல். நரம்புகள் 17, அணி பிறந்தது 1917-இல். அதில் மேலே ஓடுபவை 13, வென்ற ஸ்டான்லி கோப்பைகளின் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசு) கணக்கு. கடைசிக் கோப்பை 1967-இல். பதினான்காவது நரம்புக்கு அவசரமே வரவில்லை, பாவம்!

நீங்களும் நிறத்தில் கை வைக்காதீர்கள். முதலில் பெரியவர்களிடம் கிளப்பின் முக்கிய வருடங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், படத்தை அப்புறம் காட்டலாம். ஸ்பான்சர் பெயரை மட்டும் முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள்.