வீட்டுக் குப்பை எந்த வகை? – நுகர்வோர் கேள்வி-பதில்

திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததையடுத்து, குப்பைத் தொட்டி முதல் உரம் தயாரிக்கும் இயந்திரம் வரை எதை வாங்க வேண்டும், எதை வாங்கத் தேவையில்லை என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறீர்கள். கையிலிருக்கும் பொருள் விதிகளில் எந்த வகையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு பெரும்பாலும் குறையும் என்பதால், அவ்வகையைச் சேர்ந்த கேள்விகளுக்கு இம்முறை முன்னுரிமை தந்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் இனி குப்பையை நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என்கிறார்கள். கடையில் நான்கு நிறத் தொட்டிகளை ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். அரசு விதிப்படி அது கட்டாயம் என்றும் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகி, திருச்சி

பிரித்துக் கொடுப்பது கட்டாயம். அந்தத் தொகுப்பை வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. புதிய விதிகள் வீட்டுக் குப்பையை ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காக வகுக்கின்றன. சமையலறை மிச்சம், காய்கறி மற்றும் பழத் தோல், இறைச்சிக் கழிவு, பூ முதலியவை ஈரக் கழிவு. பிளாஸ்டிக், காகிதம், உலோகம், கண்ணாடி, மரம், ரப்பர் ஆகியவை உலர் கழிவு. பயன்படுத்திய நாப்கின், டயப்பர், டாம்பான், ஆணுறை போன்றவை மூன்றாம் வகையில் வருகின்றன. பெயின்ட் டப்பா, பல்பு, பாதரச வெப்பமானி, பழைய மருந்து ஆகியவை நான்காம் வகை.

இதற்கு முன்பிருந்த 2016ஆம் ஆண்டு விதிகளில் மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயகரக் கழிவு என மூன்றே பிரிவுகள் இருந்தன. நாப்கினும் டயப்பரும் அப்போது உலர் கழிவு என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றைச் சுற்றி மடித்து உலர் கழிவுத் தொட்டியில் போடுமாறுதான் அந்த விதிகள் கூறின. இதன் விளைவாக, மறுசுழற்சிக்கான அட்டையையும் பாட்டிலையும் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளரின் கையே இரத்தமும் மலமும் படிந்த பொருள்களையும் தொட வேண்டியிருந்தது. இந்தப் பிழை திருத்தப்படுவதற்குப் பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. நான்கு வகைகளில் எதை மறந்தாலும் இந்த மூன்றாம் வகையை மட்டும் மறந்துவிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றாடம் நிறைவது முதல் இரண்டு வகைகள்தான் என்பதால் மூடியுள்ள இரண்டு தொட்டிகள் போதும். சுகாதாரக் கழிவுக்குத் தனியே ஓர் உறையும், நான்காம் வகைக்குக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் ஒரு பழைய டப்பாவும் இருந்தால் தேவை நிறைவேறிவிடும். நாப்கின், டயப்பர் தயாரிப்பாளர்கள் பாக்கெட்டுடன் அப்புறப்படுத்தும் உறையையும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளே கூறியிருந்தன. ஆகவே வாங்கும்போது உறை உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என் தந்தைக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி போடுகிறோம். பயன்படுத்திய ஊசிகள் மருத்துவக் கழிவுதானே? வாங்கிய மருந்துக் கடையிலேயே அவற்றைத் திருப்பித் தரலாமா?
— வாசகர், நாகர்கோவில்

ஒரே ஊசி, அது பயன்படுத்தப்பட்ட இடத்தைப் பொறுத்து வேறு வேறு வகையாகிறது. மருத்துவமனையில் போடப்பட்ட ஊசிக்கு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 பொருந்தும். துளைக்க முடியாத வெள்ளை நிறக் கொள்கலனில் இட்டு, அதற்கென உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதை அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் போடப்பட்ட ஊசி, சிரிஞ்சு, புண்ணைத் துடைத்த துணி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் பெயர் சொல்லியே வீட்டு அபாயகரக் கழிவில் சேர்த்திருந்தன. ஊசியின் ஆபத்து இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு கழிவை யார் சேகரிப்பது, எங்கே கொண்டுசெல்வது, யார் செலவு செய்வது என்ற பொறுப்புகளைப் பங்கிடுவதற்காகவே விதிகள் வகைகளை ஏற்படுத்துகின்றன என்பதால், பொருளின் தன்மையோடு அது கழிவாகும் இடத்தையும் அவை கணக்கில் கொள்கின்றன.

ஆகவே மருந்துக் கடைக்காரர் ஊசிகளைத் திரும்பப் பெற மறுத்தால் அவரைக் குறை சொல்ல இயலாது. வீடுகளில் உண்டாகும் மருத்துவக் கழிவைத் தனிப் பையிலோ கொள்கலனிலோ உள்ளாட்சியின் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அதைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப உள்ளாட்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் உயிரி மருத்துவக் கழிவு விதிகளும் கூறுகின்றன. தடித்த பிளாஸ்டிக்கால் ஆன, திருகு மூடியுள்ள டப்பாவில் ஊசிகளைச் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை ஒட்டி, வெளியே ‘ஊசிகள்’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஊசி அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

எங்கள் பகுதிக் கடையில் ‘மக்கும் பை’ என்று சொல்லி ஒரு பையை விற்கிறார்கள். பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் போலவே இருக்கிறது. இதை எப்படி நம்புவது?
— வாசகி, ஈரோடு

பையின் மீது அச்சிடப்பட்டிருப்பதைப் படியுங்கள். பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரமாகக்கூடிய பிளாஸ்டிக்கால் செய்த பைகளைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் பெற வேண்டும். தம் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் பையில் அச்சிடவும் வேண்டும். அந்தப் பை ஐ.எஸ். 17088 என்ற தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும். இவை எதுவுமின்றி பச்சை நிறத்தில் ஓர் இலைப் படம் மட்டும் இருந்தால், அது சாதாரணப் பிளாஸ்டிக் பை என்றே கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில், தடிமன் எவ்வளவாக இருந்தாலும், பிளாஸ்டிக் தூக்குப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மத்திய விதிகள் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளைத் தடை செய்தன. எனவே 120 மைக்ரான் பை என்று சொல்லி இங்கே யாரேனும் விற்றால், மத்திய விதியைக் காட்டி மாநிலத் தடையைத் தாண்ட முயல்கிறார் என்று பொருள்.

உண்மையான சான்றிதழ் பெற்ற பைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்தத் தரநிலை, வெப்பமும் ஈரமும் கட்டுப்பாட்டில் வைக்கப்படும் பெரிய உரக்கூடங்களின் சூழலைக் கருதியே அமைந்தது. உங்கள் மாடித் தோட்டத்துத் தொட்டியில் அதே வேகத்தில் அது மக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உலர் கழிவோடு போட்டால் மறுசுழற்சிக்குச் செல்லும் பிளாஸ்டிக்கையும் அது கெடுக்கும். காசு கொடுத்து இதை வாங்குவதைவிட மஞ்சப்பை எடுத்துச் செல்வதே மேல் என்பது என் கருத்து.

பழைய குளிர்சாதனப் பெட்டியையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் பழைய இரும்பு வாங்குபவரிடம் போடலாமா, அல்லது எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது நல்லதா?
— வாசகர், வேலூர்

எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். இவை இரண்டையும் திடக்கழிவு விதிகள் தம் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் பொருந்தும். முன்பு 21 வகைக் கருவிகளுக்கே பொருந்திய இவ்விதிகள் இப்போது 106 வகைகளுக்கு விரிந்துள்ளன. பேட்டரிக்கு 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தனியே உள்ளன. ஈய-அமில பேட்டரியை மட்டும் கருதிய 2001ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த இவை, ரிமோட்டில் போடும் சிறு பேட்டரி முதல் மின்வாகன பேட்டரி வரை எல்லாவற்றையும் உள்ளடக்குகின்றன. இரண்டிலும் கழிவைச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. திறந்த வெளியில் பேட்டரியை உடைத்து அமிலத்தைத் தரையில் கொட்டி ஈயத்தை உருக்குபவர்களிடம் அது போய்ச் சேர்ந்தால், பாதிக்கப்படுவது அந்தப் பகுதியின் குழந்தைகள். பழைய பேட்டரிக்குக் கழித்த தொகையைப் பில்லில் தனியாகக் குறிப்பிடுமாறு கேளுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 72 வீடுகள். 24 மணி நேரத்தில் உரம் தரும் இயந்திரத்தை வாங்காவிட்டால் அபராதம் வரும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி கூறுகிறார். உண்மையா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோவை

முதலில் நீங்கள் எந்த வகையினர் என்பதைப் பாருங்கள். இங்கே விதிகள் கழிவை உண்டாக்குபவரையே வகைப்படுத்துகின்றன. கட்டடத்தின் தளப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலும், நாளொன்றுக்கு 40,000 லிட்டரோ அதற்கு மேலோ தண்ணீர் செலவானாலும், நாளொன்றுக்கு 100 கிலோவோ அதற்கு மேலோ கழிவு உண்டானாலும் நீங்கள் பெருமளவு கழிவு உண்டாக்குபவர் ஆகிறீர்கள். மூன்றில் ஒன்று பொருந்தினாலே போதும். வீட்டுக்கு நான்கு பேர், ஒருவருக்கு 400 கிராம் குப்பை என்று வைத்துக்கொண்டால் 72 வீடுகளில் நாளொன்றுக்கு சுமார் 115 கிலோ ஆகிறது. தலைக்கு 150 லிட்டர் என்று கொண்டால் தண்ணீர்க் கணக்கிலும் நீங்கள் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். ஆகவே அந்தப் பொறுப்பு உங்களுக்கு வரும் என்றே கருதுகிறேன். ஒரு வாரம் குப்பையை நிறுத்துப் பார்த்து ஏட்டில் எழுதிவைப்பது நல்லது.

ஆனால் இயன்றவரை ஈரக் கழிவை வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்பதுதான் விதி. இயலாத இடத்தில் அதற்கு ஈடான சான்றிதழைப் பெறவும் வழி இருக்கிறது. இயந்திரம் வாங்கியே தீர வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. 24 மணி நேரத்தில் வேலையை முடிப்பதாகச் சொல்லும் இயந்திரங்கள் பலவும் கழிவைச் சூடேற்றி, நீரை வற்றச் செய்து, பொடியாக்குகின்றன. அந்தப் பொடியில் மீண்டும் தண்ணீர் பட்டால் அது அழுகத் தொடங்கும். முதிர்ந்த உரமாக அதற்குப் பின்னும் பல வாரங்கள் வேண்டும்.

எனவே விற்பனைப் பிரதிநிதியிடம் ஒரு கிலோ கழிவுக்கு ஆகும் மின்சாரம், ஆண்டுப் பராமரிப்புச் செலவு, வெளிவரும் பொருளின் ஆய்வக அறிக்கை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நகர்ப்புறக் கழிவு உரத்தில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 20க்குள் இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுக்கிறது. அறிக்கையில் அந்த எண் இல்லாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். வளாகத்தில் நிழலுள்ள இடம் இருந்தால், காற்றோட்டமுள்ள தொட்டிகளில் சருகையும் ஈரக் கழிவையும் அடுக்கி உரமாக்கும் முறை மிகக் குறைந்த செலவில் முடியும். அதைப் பராமரிக்கும் பணியாளருக்குத் தனி ஊதியமும் கையுறையும் தருவதற்கு உங்கள் சங்கம் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றட்டும்.