வயலும் விலையும்: கேள்வி – பதில்

கார் நெல்லை அறுத்த ஈரத்தோடு வியாபாரி குவிண்டால் 2,100 ரூபாய்க்குக் கேட்கிறார். அரசு விலை 2,500. கொள்முதல் நிலையத்துக்கே கொண்டு போகலாமா?
– வாசகர், சேரன்மகாதேவி

400 ரூபாய் வித்தியாசம் என்று கணக்குப் போடாதீர்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலையான 2,369 ரூபாயோடு மாநில ஊக்கத்தொகை 131 சேர்ந்து பொது ரகத்துக்கு 2,500. அம்பை 16 போன்ற குண்டு நெல் இதில்தான் வரும். ஆனால் அது 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காய்ந்த நெல்லின் விலை. மெஷின் அறுத்த நெல் 22 சதவீதம் இருந்தால், 100 கிலோ காய்ந்து 94 கிலோவாகும். அதற்குக் கிடைப்பது சுமார் 2,350 ரூபாய். ஆக, வித்தியாசம் 250தான். காயப்போடும் கூலியும் வண்டி வாடகையும் அதற்குள் அடங்கினால் கொண்டு போங்கள். வியாபாரி கோட்டைக் கணக்கில் (நெல்லுக்கான பழைய அளவு) கேட்டால், கோட்டைக்கு எத்தனை கிலோ என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

களம் இல்லை, மேகம் கூடுகிறது என்றால் உங்களால் காத்திருக்க முடியாது. வியாபாரி விலையைக் குறைப்பது அதை வைத்துத்தான். பக்கத்தில் நிலையம் திறந்துவிட்டால், அங்கே போடாதவருக்கும் அவர் கூட்டித்தான் கேட்டாக வேண்டும். அறுவடை பாதி முடிந்தபின் திறக்கும் நிலையத்தால் முதலில் அறுத்தவருக்குப் பயனில்லை. அறுப்புக்கு முன்பே திறக்கச் சொல்லிக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள்.

அரசு விலை ஏறினால் குத்தகையும் ஏறுகிறதே?
– குத்தகை விவசாயி, கல்லிடைக்குறிச்சி

ஏறத்தான் செய்யும். குவிண்டாலுக்கு 100 ரூபாய் கூடி, ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் 2,500 ரூபாய் அதிகம். அடுத்த பேச்சில் நிலக்காரர் அதில் பங்கு கேட்பார். விலை உறுதியின் பலன் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்துக்கே போய்ச் சேர்கிறது. நெல்லாக அளக்கும் குத்தகையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் இருவருக்கும் பங்குண்டு. ரொக்கக் குத்தகையில் இறக்கம் முழுக்க உங்கள் தலையில். ரொக்கம்தான் என்றால், ஏற்றமாவது உங்களுக்கு நிற்கும்படி மூன்று வருடத்துக்காவது ஒரே தொகையாக எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று: சாகுபடி செய்வது நீங்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (சாகுபடிப் பதிவின் நகல்) வாங்கி, கொள்முதலுக்கு உங்கள் பெயரிலேயே பதியுங்கள். நிலக்காரர் பெயரில் பதிந்தால் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும்.

வாழைக்குப் பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறேன். தார் விலை விழுந்தால் இழப்பீடு உண்டா?
– வாசகர், களக்காடு

கிடையாது. அது மகசூல் குறைவுக்கு மட்டும். வாழைக்கு மத்திய அரசின் ஆதரவு விலையும் இல்லை. ஒரே நாளில் எல்லாக் கன்றையும் வைக்காமல், மாதம் தள்ளித் தள்ளி நட்டால் தார் மொத்தமாக ஒரே விலைச் சரிவில் மாட்டாது.