முட்டிவலி உள்ள அம்மாவோடு எலிபெண்டாவா, அம்பர்நாத்தா?

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரே நாளில் போய்வர, முட்டிவலி உள்ள அம்மாவுக்கு எலிபெண்டா தீவுக் குகைக்கோயில் சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால், மும்பைக்குப் பக்கத்து ஊரான அம்பர்நாத் போங்கள். எலிபெண்டாவுக்கு ஒரு மணி நேரப் படகு, அப்புறம் சுமார் 120 படி. மேலே குகைக்குள் மூன்று முகச் சிவனான சதாசிவர் கிட்டத்தட்ட 20 அடி உயரம், பார்த்தால் வாயடைத்துப் போகும்தான். ஆனால் சுற்றியுள்ள பல உருவங்களுக்குக் காலே இல்லை, உடைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை வேறு.

அம்பர்நாத் சிவன் கோயில் 1060-இல், கொங்கணத்தை ஆண்ட சிலாஹார மன்னர்கள் காலத்தில் எழுந்தது. இன்றும் பூஜை நடக்கிறது, அம்மாவுக்கு அதுவே பெரிய விஷயமாக இருக்கும். தாதரில் லோக்கல் ரயில் ஏறி, அம்பர்நாத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடியுங்கள். நம் ஊர்க் கோயில்போல நேரான சுவரை எதிர்பார்க்காதீர்கள். கருங்கல் சுவர் மடிப்பு மடிப்பாக வளைந்து போகும், மடிப்புக்கு மடிப்பு சிற்பம். சில முகங்கள் மழையில் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. சிகரமும் முழுதாக இல்லை. காலைச் சாய்வெயிலில் பார்த்தால்தான் செதுக்கின் ஆழம் தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் ஒரே கறுப்பு.

ஒரு சிக்கல்: கருவறை தரைக்குக் கீழே, இறங்க ஏறக்குறைய 20 படி. அம்மா மண்டபத்தில் நின்றே கும்பிட்டுக்கொள்ளலாம். சிவராத்திரி சமயத்தில் மட்டும் போகாதீர்கள், நிற்கவே இடம் இருக்காது.