ஜார்ஜ் டவுன் ஆங்கிலேயர் காலிமனையில் கட்டிய ஊர்தானா?

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள ஜார்ஜ் டவுன், ஆங்கிலேயர் வெற்று மணல்வெளியில் திட்டமிட்டுக் கட்டிய ஊர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அண்ணா நகர்ப் பக்கம் வளர்ந்தவர் என்று எண்ணுகிறேன், தவறாயின் பொறுத்துக்கொள்ளுங்கள். தம்புச் செட்டித் தெருவின் ஒண்டுக்குடித்தனம் ஒன்றில் பிறந்த எனக்கு இக்கேள்வி சற்றே சுடுகிறது.

கட்டிய ஊர் என்பதைவிட, ஓர் ஊரை இடித்ததால் பெருத்த ஊர் என்பதே பொருந்தும். 1640இல் ஜார்ஜ் கோட்டையின் வேலை தொடங்கியபின், வணிகரும் நெசவாளரும் துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்புத் தரகர்களும் அதன் வடபுறத்தில் குடியேறி உருவான 'கறுப்பர் நகரம்', இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில்தான் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் இந்நகரத்தின் ஒரு பகுதியை இடித்தனர். 1749இல் கோட்டை திரும்பக் கிடைத்தபின், பகைவர் மறைந்து நின்று சுடுவதற்கு இடம் இருக்கலாகாது என்று ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியார் நகரத்தின் மிச்சத்தையும் படிப்படியாக இடித்துத் திடலாக்கினர். பெயர்ந்தவர்கள் வடக்கே, முன்பே குடியிருப்பு இருந்த முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் சேர்ந்தனர். இவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த பள்ளம்தான் பின்னர்ப் பிராட்வே ஆயிற்று. ஜார்ஜ் என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டில் ஒட்டியது.

மனிதர்கள் மட்டுமல்லர், பெருமாளும் பெயர்ந்தார். இடிபட்ட நகரத்தில் இருந்த சென்னகேசவர், தேவராச முதலித் தெருவில் எழுந்த புதிய கோயிலுக்கு வந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பூக்கடை நெரிசலில் என் கையை இறுகப் பற்றியபடி அக்கோயில் வாசலில் நின்ற அப்பா, "இவரும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதால இங்க வந்தவர்தான்டா" என்றார். அன்று எங்களுக்கும் வீட்டுக்காரர் பதினைந்து நாள் கெடு வைத்திருந்தார். பிறகு பாரிமுனைக்கு நடத்திச் சென்று, திடலின் எல்லையாக 1773இல் நட்ட ஆறு தூண்களில் எஞ்சிய ஒன்றைக் காட்டினார். கட்டடத்தின் ஓரமாக நிற்கும் அதைத் தாண்டித்தான் நாள்தோறும் பள்ளிக்குப் போயிருக்கிறேன். ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை.

நான் ஆங்கிலேயரைத் தூற்ற இதை எழுதவில்லை. போர்க்காலத்தில் கோட்டை வைத்திருந்த எவரும் அதைத்தான் செய்திருப்பர். இடிபட்டவர்களுக்குக் கம்பெனியார் மாற்று மனையாவது காட்டினர். எங்கள் வீட்டுக்காரர் முன்பணத்தில் வெள்ளையடித்த கூலி என்று பாதியைப் பிடித்துக்கொண்டார். அவ்வீட்டில் நாங்கள் இருந்த ஒன்பதாண்டுகளில் வெள்ளையடித்தவர் என் அப்பா.