பீடியே மேல் என்கிறார் மாமியார்

கேள்வி: என் கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். அங்கேயே சிகரெட்டை விட்டுவிட்டு ஒன்றரை வருடமாக, புகையிலைச் சத்தான நிகோட்டின் கலந்த திரவத்தை பேட்டரியில் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட் இழுக்கிறார். இப்போது ஊரோடு வந்துவிட்டார். 'இதில் தீங்கு 95 சதவீதம் குறைவு, இங்கிலாந்திலேயே சொல்லிட்டான்' என்கிறார். மாமியாரோ வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, 'அமெரிக்காவுல 68 பேரு செத்திருக்கான். இதுக்கு உங்கப்பன் குடிச்ச பீடியே மேல்' என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: மார்த்தாண்டத்தில் 31 வருடம் மருந்துக்கடை வைத்திருந்தேன். கல்லாப்பெட்டிக்கு அடியில் பீடிக்கட்டு ஒளித்து வைத்துக்கொண்டு இருமல் மருந்து விற்றவன் நான். அந்தத் தகுதியில் சொல்கிறேன், தங்கச்சி.

மாமியார் சொன்ன 68 பொய்யில்லை. 2019-ல் தொடங்கி அமெரிக்காவில் 2,800 பேர் வரை நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இ-சிகரெட்டில் கஞ்சாச் சத்து கலந்த எண்ணெயை இழுத்தவர்கள். அதில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பாதி வாட்ஸ்அப்பில் வராது.

சரி, கணவரின் 95? அது யாரும் அளந்து கண்டதில்லை. பன்னிரண்டு நிபுணர்கள் கூடி உட்கார்ந்து போட்ட மதிப்பெண், 2014-ல் கட்டுரையாக வந்தது. மறு வருடம் இங்கிலாந்து பொதுச் சுகாதாரத் துறை அதை எடுத்துச் சொல்ல, லான்செட் என்ற மருத்துவ இதழ் தலையங்கமே எழுதிக் கண்டித்தது. எரிகிற புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் அநேகமாகக் கிடையாது, ஆகவே பீடியைவிடக் கெடுதல் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு குறைவு என்றுதான் சொல்ல முடியாது. இ-சிகரெட் சீனாவில் வந்ததே 2003 வாக்கில். முப்பது வருடம் இழுத்த நுரையீரலை எந்த டாக்டரும் இன்னும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. சிகரெட்டை விட நினைத்த 886 பேரை வைத்து இங்கிலாந்தில் பார்த்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. இ-சிகரெட் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் சிகரெட்டைத் தொடவில்லை. நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை போன்றவை வாங்கியவர்களில் 9.9 சதவீதம்தான். ஆனால் அந்த 18-ல் ஐந்தில் நாலு பேர் வருடம் கழிந்தும் இ-சிகரெட்டை விடவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கதைதான்.

மாமியார் முறுக்கான் போடுவாரா? போயிலை சேர்த்தா? அதிலும் இதே நிகோட்டின்தான், வாய்ப்புற்று வேறு. கல்யாண வீட்டுத் தட்டில் வைத்து நீட்டினால் நமக்கு அது மரியாதை. பேட்டரியும் விளக்கும் இருந்தால் பேய். பீடிக்கு மட்டும் உங்கள் கணவரைத் திரும்ப விடாதீர்கள்.

நம் நாட்டில் 2019 முதல் இதை விற்பதும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் குற்றம். மச்சானிடம் சொல்லி வாங்கி வரச் செய்யும் யோசனை இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். நெஞ்சுநோய் இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் உதவுவார்கள்.

ஒன்று, அந்தச் சூயிங்கத்தைச் சவைத்துத் தள்ளக் கூடாது. குளச்சலில் இருந்து வந்த ஒரு கடல்தொழிலாளி மறுநாளே, 'என்ன மருந்து அண்ணே, தொண்டை எரியுது, விக்கல் நிக்கல்ல' என்று சண்டைக்கு வந்தார். நாலு கடி கடித்து, உறைப்பு வந்ததும் கடைவாயில் அதக்கி வையும், உறைப்பு அடங்கியதும் மறுபடி கடியும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'இது போயிலை போடுத மாதிரில்லா இருக்கு!'