377: உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

அன்புள்ள ஐயா,

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது. ஆனால் ஒரு சந்தேகம். அந்தப் பிரிவில் உள்ளே போனவர்கள் என்று எனக்குத் தெரிந்து யாருமே இல்லை. சும்மா தூசு படிந்து கிடந்த ஒன்றுக்கு ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து இவ்வளவு பெரிய தீர்ப்பு எழுத வேண்டுமா? எழுதியும் ஊரில் என்ன மாறிவிட்டது?

எம்.கே.

அன்புள்ள எம்.கே.,

உங்கள் சந்தேகத்தை உச்ச நீதிமன்றமே ஒருமுறை கேட்டிருக்கிறது. வயது வந்தவர்கள் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது காட்டிய காரணங்களில் ஒன்று, 150 ஆண்டுகளில் இந்தப் பிரிவில் வழக்கைச் சந்தித்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்பது.

இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் உறுத்தும். 377 தன் வேலையை நீதிமன்றத்தில் செய்யவில்லை. ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தால் போதும், பூங்காவில் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்களை மிரட்டி பர்ஸைக் காலி செய்துவிடலாம். மிரட்டியது ரவுடியோ போலீஸோ, பறிகொடுத்தவன் எங்கே போய்ப் புகார் கொடுப்பான்? கொடுத்தால் முதல் குற்றவாளி அவன்தான். இதற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். ஏது? 2001இல் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்களையே இந்தப் பிரிவில் பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். ஆணுறை கொடுக்கப் போனவர்களுக்கே இந்தக் கதி என்றால், வாங்க யார் வருவார்கள்?

எண்ணிக்கை குறைவு என்பது உரிமையை மறுக்கக் காரணமாகாது என்று 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. அப்புறம் நீங்கள் சொல்லும் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு: வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று ஐவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தன்பாலின ஈர்ப்புள்ள இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அதில் எழுதினார் நீதிபதி இந்து மல்ஹோத்ரா.

சரி, ஊரில் என்ன மாறியது? மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ சென்னைக்கு வந்தார்கள். வீட்டார் ‘மகளைக் காணவில்லை’ என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். 377 போனால் என்ன, காணாமல்போனவர் புகார் இருக்கிறதே! பெண்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தார். 2021 ஜூனில் அவர் பிறப்பித்த உத்தரவு, ஒருவரின் பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் செய்வதற்குத் தடை போட்டது. மறு ஆண்டு, இந்த மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் ஒரு விதி சேர்ந்தது. 2018 தீர்ப்பு இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது. திருமண உரிமை தனிக் கதை. 2023இல் உச்ச நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது.

மாறாதது ஒன்றும் உண்டு. தீர்ப்பைப் பற்றி தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகைகளில் அவ்வப்போது விளம்பரம் செய்யச் சொல்லி நீதிபதி நாரிமன் அந்த 2018 தீர்ப்பிலேயே மத்திய அரசுக்கு உத்தரவிட்டிருந்தார். அப்படி ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள்.